தாளிச்சாவுக்கு ஒரு சுரைக்காய்

நான் சுரைக்கொடி வளர்த்தது அது காய்க்கக் கூடாது என்பதற்காக. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில், தோ பாயோவில், எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இப்போது ஆளுக்கொரு கதை கட்டிக்கொண்டு திரிகிறார்கள். ஒருத்தி அது அதிர்ஷ்டக் காய் என்கிறாள். இன்னொருவர் நானும் நாகூர் கனியும் ஏதோ சீன தேகப்பயிற்சி செய்ததாகச் சொல்கிறார். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. என் பக்கத்து வீட்டுக்காரன் கனி வீட்டை விற்றுவிட்டான். அவன் போகக் கூடாது என்று எனக்கு இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

கனி சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் பயணப் பெட்டிக் கடை வைத்திருந்தவன். நான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். அவன் ஊரையெல்லாம் பயணம் அனுப்பினான், நான் ஊரையெல்லாம் ஏற்றி இறக்கினேன், இருவரும் எங்கேயும் போனதில்லை. தினமும் காலையில் அவன் கீழே காப்பிக்கடையில் பால் இல்லாத கோப்பி ஓ இரண்டு கட்டி வாங்கி வருவான். தாழ்வாரத்தில் நின்று குடித்துக்கொண்டே நான் செய்தித்தாளைப் படிப்பேன், அவன் நான் படிப்பது தப்பு என்பான். என் நாள் அப்படித்தான் தொடங்கும்.

அவன் மனைவி காலமான பிறகு தனியாக இருந்தான். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தான். மகன் ஆரிஃப் உடனே பூன் லேயில் பெரிய வீடாகப் பார்த்து, அப்பாவுக்கு ஓர் அறையும் ஒதுக்கி, இந்த வீட்டை விற்க ஏற்பாடு செய்தான். பையன் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். தப்பு செய்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

"பூன் லே என்ன நிலாவுலயா இருக்கு? எம்ஆர்டியில ஒருதடவ மாறினா போச்சு" என்றாள் என் மனைவி லீலா.

ரயில் ஏறிப் போய்ப் பார்க்கிற சிநேகிதம் வேறு. பனியனோடு கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிற சிநேகிதம் வேறு. இதை லீலாவிடம் சொன்னால் சிரிப்பாள். சொல்லவில்லை.

வீட்டை வாங்கியவர்கள் பிரேம், வர்ஷா என்று ஓர் இளம் தம்பதி. வர்ஷா மாசமாக இருந்தாள். சாவி கொடுக்கும் தேதியைப் பேச வந்தபோது பக்கத்து வீட்டுக்காரன் என்று என்னையும் கூப்பிட்டார்கள். நான் போய் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது, கனி அதைப் பார்த்துவிட்டான். எல்லோர் முன்னாலும் மார்பில் கையை வைத்துச் சொன்னான்:

"இதோ இருக்கானே செல்லக்கண்ணு, இவன் வாசல்ல சுரைக்கொடி போட்டிருக்கான். இவன் கையால வளர்த்த காய்ல தாளிச்சா ஆக்கிச் சாப்பிட்டுட்டுத்தான் நான் சாவியக் குடுப்பேன். இது என் வாக்கு."

எலும்பும் பருப்பும் போட்டு அவன் வைக்கும் தாளிச்சாவில் சுரைக்காய் கட்டாயம் உண்டு. ஆகவே எல்லோரும் சிரித்தார்கள். பிரேம், "நோ இஷ்யூ லா அங்கிள்" என்றான். பாவம், அவனுக்கு இரண்டு விஷயம் தெரியாது. கனி வாக்கு கொடுத்தால் மாற மாட்டான். காலையில் ஒரு பெட்டிக்கு விலை சொன்னால் ராத்திரி கடை மூடும்வரை அதே விலைதான், நஷ்டமானாலும். இரண்டாவது, என் கையால் எதுவும் காய்த்ததில்லை. மிளகாய் போட்டேன், சுருண்டது. வெண்டை போட்டேன், மாவுப்பூச்சி வந்து சாப்பிட்டது. கற்றாழை அழுகிப்போன ஒரே வீடு எங்கள் வீடுதான்.

கனிக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே அவன் கொடுத்தது எனக்குக் கொடுத்த வாக்கு என்று புரிந்துகொண்டு, அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

கொடிக்கு அது புரியவில்லை. அதுவரை நான் போட்ட எதுவும் செய்யாத அக்கிரமத்தை அது செய்தது. வளர்ந்தது. தொட்டியில் நான் மண்ணை மட்டும்தான் போட்டிருந்தேன், உரம் கிடையாது. தண்ணீரைக் குறைத்தேன், அப்போதும் வளர்ந்தது. நைலான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் ஜன்னல் கம்பியில் ஏறி, துணி காயப்போடும் கழியைத் தாண்டி, நேராகக் கனி வீட்டு வாசலுக்குப் போய்விட்டது. மாலையில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. ஒரு பூவுக்குக் கீழே சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பிஞ்சும் இருந்தது.

பிஞ்சைப் பார்த்து ஆள்காட்டி விரலை நீட்டினால் அது வெம்பி உதிர்ந்துவிடும் என்பது எங்கள் ஆட்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. காட்டியே ஆக வேண்டும் என்றால் விரலை மடக்கி முட்டியால் காட்டுவோம். நான் தாழ்வாரத்தில் இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். விரலை நன்றாக நீட்டினேன்.

பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிட்டது.

அடுத்ததற்கும் நீட்டினேன். அதுவும் விழுந்தது. அதற்கடுத்ததும். எனக்கு முதலில் சந்தோஷம், பிறகு பயம். இத்தனை சக்தி உள்ள விரலை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி வெளியே நடமாடுவது? லிஃப்டில் கைக்குழந்தையோடு யாராவது ஏறினால் முழங்கையால் பொத்தானை அழுத்தினேன். தேக்கா சந்தையில் காய்கறிக் கடைக்காரர் "எந்தக் கத்தரிக்கா வேணும், காட்டுங்க" என்றார். கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு முகவாயால் காட்டினேன். "கழுத்துல சுளுக்காண்ணே?" என்று கேட்டு ஒரு துண்டு இஞ்சியைச் சும்மா போட்டுக்கொடுத்தார்.

கனியிடம் பிஞ்சுகள் விழுவதை மட்டும் சொன்னேன், விரலைச் சொல்லவில்லை. லீலாதான் அவனிடம், "யாரோ விரல் நீட்டுறாங்கண்ணே" என்றாள்.

"விரலாவது வெங்காயமாவது. அல்லா நாடினா காய்க்கும் தங்கச்சி, இல்லன்னா இல்ல. நான் இதெல்லாம் நம்புறதில்ல" என்றான் கனி.

இதற்கிடையில் பிரேமும் வர்ஷாவும் வாரந்தோறும் வரத் தொடங்கினார்கள். வீட்டைப் பார்க்க அல்ல, சுரைக்கொடியைப் பார்க்க. வர்ஷாவின் அம்மா இரண்டு கட்டளை போட்டிருந்தாராம். பெரியவர் கொடுத்த வாக்கை உடைத்து அவர் மனம் நோக அந்த வீட்டில் குடியேறக் கூடாது. வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. ஆனால் ஏழாம் மாதம் முடிவதற்குள் குடியேறிவிட வேண்டும். அதற்குப் பிறகு மாசமானவள் வீடு மாறக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் அம்மா வீட்டு ஹாலில் சோபாவில் ஒருவரும் பாயில் ஒருவருமாகப் படுத்திருந்தார்கள். சட்டப்படி கொடுக்கக்கூடிய அவகாசத்தையெல்லாம் பிரேம் கனிக்குக் கொடுத்துவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடியில் திடீரென்று ஒரு முழுச் சுரைக்காய் தொங்கியது. பிரேம் பக்கத்திலேயே நின்று, "வாவ் அங்கிள், ஓவர்நைட்ல வந்துருச்சு" என்றான். கனி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தான். காம்பை எடுத்துக் காட்டினான். பல்லிடுக்கில் விடும் நூலால் கட்டியிருந்தது.

"தம்பி, விலை ஒட்டின தாளக் கூடக் கிழிக்கலையேப்பா."

பிரேம் வெட்கப்பட்டுக் கீழே பார்த்தான். அந்தச் சுரைக்காயை லீலா கூட்டு வைத்தாள். கனி அதைத் தொடவில்லை. வாக்கு வாக்குதான்.

ஆனால் வர்ஷா விடவில்லை. அடுத்த முறை மாலையில், பூக்கள் விரிகிற நேரம் பார்த்து வந்தாள். கைப்பையிலிருந்து கண்ணுக்கு மை தீட்டும் பிரஷ் ஒன்றை எடுத்தாள்.

"அங்கிள், நான் வீடியோஸ் எல்லாம் பாத்துட்டேன். ஃபீமேல் ஃபிளவருக்கு போலன் போகல. இவ்ளோ ஹைட்ல வண்டு பூச்சி எதுவும் வரல. அதான் பிஞ்சு டிராப் ஆகுது. நாமளே பண்ணிடலாம்."

என் விரலின் கீர்த்தியை ஒரு வீடியோ கெடுத்துவிட்டது. அவள் பெரிய வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஆண் பூவிலிருந்து மகரந்தத்தைத் தொட்டுத் தொட்டுப் பெண் பூவில் தடவினாள். ஏதோ கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்கிற மாதிரி அத்தனை கவனம். "காய்ச்சிரு, ப்ளீஸ் காய்ச்சிரு" என்று அதனிடம் பேசினாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இருந்தும் அவள் லிஃப்டுக்குள் போனவுடன் விரலை நீட்டினேன்.

விழவில்லை.

மறுநாளும் நீட்டினேன். பிஞ்சு கொஞ்சம் பெருத்திருந்தது. இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நீட்டினேன். பத்து விரலையும் நீட்டினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு காலால் கூட ஒருமுறை காட்டினேன். அது என் முழங்கை நீளத்துக்கு வந்துவிட்டது. என் விரலைத் தின்றே வளர்ந்தது போல இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் அடுப்படி ஜன்னல் வழியாகத் தற்செயலாக வெளியே பார்த்தேன். கனி பள்ளிவாசலிலிருந்து வந்து கொடிக்கு முன்னால் நின்றான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். கைத்தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையின் ஆள்காட்டி விரலைச் சுரைக்காயை நோக்கி நீட்டினான்.

"டேய் கனி!"

விரலைச் சட்டென்று காதுக்குக் கொண்டுபோனான். "கொசுடா."

"கொசுவுக்கு விரல் நீட்டுறியா? நம்பலன்னு சொன்ன?"

அவன் கைத்தடியை மறுபடி வலது கைக்கு மாற்றினான். பிறகு கேட்டான், "நீ எப்பலேருந்து நீட்டுற?"

"பூ விட்டதிலேருந்து."

"அடப்பாவி. நான்தான் பிஞ்செல்லாம் கொல்றேன்னு நெனச்சு தினம் மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருந்தேன்டா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "போக இஷ்டமில்லன்னு பிள்ளைகிட்ட வாயத் தொறந்து சொல்லேன்" என்றேன்.

"எப்படிச் சொல்ல? ரூமுக்கு பெயின்ட் அடிச்சு, பாத்ரூம்ல பிடிச்சுக்கக் கம்பி வச்சுக் காட்டுறான். நான் வழுக்கி விழுந்த அன்னிக்கு அவன் மூஞ்சிய நீ பாக்கல செல்லக்கண்ணு. பச்சப்புள்ள மாதிரி அழுதான். அவன்கிட்டப் போயி, உன்னவிட எனக்குப் பக்கத்து வீட்டுக்காரன்தான் முக்கியம்னு சொல்லவா?"

நான் வெளியே போய் அவன் பக்கத்தில் நின்றேன். இருவரும் சுரைக்காயைப் பார்த்து விரலை நீட்டினோம்.

அன்றிலிருந்து காலையில் செய்தித்தாள் படிப்பது நின்றுபோனது. கோப்பியைக் குடித்துவிட்டு வரிசையாக நின்று நீட்டுவோம். கோடி வீட்டு மேடம் கோ இதைப் பார்த்துவிட்டு, விரல் முட்டிக்கு நல்லதா என்று கேட்டாள். நல்லது என்றான் கனி. அவளும் வந்து நின்றாள். மறுநாள் தோழிகளை அழைத்துவந்தாள். சுரைக்காய் வீட்டில் இருந்தால் நல்லது நடக்கும் என்று சீனர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டாம். ஒருத்தி ஆரஞ்சுப் பழம் வைத்துக் கும்பிட்டாள். தாழ்வாரத்தில் நடக்க வழி இருக்கிறதா என்று பார்க்க வந்த அதிகாரி, "வாட் இஸ் திஸ்?" என்று கேட்டுக்கொண்டே அவரும் விரலை நீட்டினார். அத்தனை பேர் நீட்டியும் அந்தக் காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. தரையைத் தொட்டது. அதை நாற்காலியில் உட்கார வைத்தோம். பிறகு தலையணை கொடுத்தோம்.

வர்ஷா வந்து, "ரெடியா அங்கிள்?" என்பாள்.

"இன்னும் பிஞ்சும்மா" என்பேன்.

"சதை பிடிக்கணும்" என்பான் கனி.

அவள் இடுப்பில் கையை ஊன்றி நின்று அந்த ஆள் உயரச் சுரைக்காயைப் பார்ப்பாள். பிறகு லிஃப்டுக்குப் போய்விடுவாள். கனியின் சாமான்களை ஆரிஃப் ஒவ்வொன்றாகப் பூன் லேக்குக் கொண்டுபோய்விட்டான். கடைசியில் அந்த வீட்டில் ஒரு பாயும், ஒரு குடமும், கனியும்தான் மிச்சம்.

கடைசியாகப் பிரேமும் வர்ஷாவும் வந்த சனிக்கிழமை நாங்கள் "பிஞ்சு" என்று சொல்லி முடிப்பதற்குள் லீலா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். நேராகப் போய்க் கட்டைவிரல் நகத்தைச் சுரைக்காயில் வைத்து அழுத்தினாள். நகம் இறங்கவில்லை. இன்னோர் இடத்தில் அழுத்தினாள். நகம்தான் மடங்கியது.

"முத்திப்போச்சு" என்றாள். "ரெண்டு கெழவனுமாச் சேர்ந்து முத்த விட்டுட்டீங்க. இத வச்சு இனிமே தாளிச்சா இல்ல, தம்புரா பண்ணலாம்."

எனக்கும் கனிக்கும் ஒரே நேரத்தில் உயிர் வந்தது. முற்றிய காய் கறிக்கு ஆகாது. அப்படியானால் இன்னொரு பூ, இன்னொரு பிஞ்சு, இன்னும் எத்தனையோ காலை. நான் சந்தோஷத்தை மறைக்க முடியாமல் இருமினேன்.

வர்ஷா உட்கார இடம் தேடினாள். நாற்காலியில் சுரைக்காய் இருந்தது. காலணி அலமாரியின் மேல் மெல்ல உட்கார்ந்தாள்.

"இன்னொரு காயா அங்கிள்?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் கேட்டது களைத்துப்போய். "அடுத்த வாரம் தாண்டிட்டா அம்மா ஷிஃப்ட் பண்ண விட மாட்டாங்க. பேபிய ஹாஸ்பிட்டல்லேருந்து எங்க கொண்டுபோறதுன்னே தெரியல."

பிரேம் அவள் முதுகில் கையை வைத்தான். கனி அவளுடைய வீங்கிய பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

"லீலா தங்கச்சி, கத்தி எடுங்க" என்றான்.

"நகம் எறங்கலடா!" என்றேன்.

"பல்லு எறங்கும்."

"உனக்கு எங்கடா பல்லு? கட்டின பல்லு!"

"அதுவும் பல்லுதான்."

கனியின் சட்டி பானையெல்லாம் போய்விட்டதால் எங்கள் அடுப்படியில்தான் சமையல். பிரேம் கத்தியைக் காய்மேல் வைத்து அம்மிக் குழவியால் ஓங்கி அடித்தான். கொத்தனார் வேலை மாதிரி சத்தம் கேட்டு மேல்மாடிக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். கனி ஆட்டெலும்பைப் போட்டான், பருப்பைப் போட்டான், மாங்காய் போட்டான், புளி கரைத்து ஊற்றினான். குக்கர் கத்திக் கத்தி ஓய்ந்தது. திறந்தால் பருப்பு கரைந்துபோயிருந்தது, எலும்பு பஞ்சாகியிருந்தது, சுரைக்காய் போட்டது போட்டபடி இருந்தது. மூடி மறுபடியும் வைத்தான். வீடெல்லாம் மணம். எனக்கு அந்த மணமே ஆகவில்லை. இதற்குள் லீலா போன் செய்ததில் ஆரிஃப் அப்பாவைக் கூட்டிப்போக வந்து, வேனுக்குச் சொல்லிவிட்டு, நடப்பது புரியாமல் வாசலில் நின்றான்.

தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தோம். லீலா கனியின் தட்டில் தாளிச்சாவை ஊற்றினாள். சுரைக்காய்த் துண்டு தட்டில் விழுந்து டக்கென்றது.

"ஒண்ணு சொல்லிக்கிறேன். மென்னா சாப்பிட்டதா ஆகாது. முழுங்கணும்" என்றேன்.

பிரேம் யோசித்துப் பார்த்துவிட்டு, "ஃபேர் லா" என்றான்.

கனி பிஸ்மில்லா சொல்லித் துண்டை வாயில் போட்டான். மென்றான். இந்தக் கன்னத்தில் மென்றான், அந்தக் கன்னத்துக்குத் தள்ளினான். கட்டின பல் கடகடவென்றது. அவன் நெற்றியில் வியர்த்தது. நாங்கள் எல்லோரும் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது இறங்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அத்தனை சந்தோஷம் எனக்கு. வாக்கும் உடையவில்லை, காயும் உள்ளே போகவில்லை, யார்மேலும் தப்பில்லை.

ஆரிஃபுக்கும் தெரிந்துவிட்டது. உள்ளே வந்து அப்பா பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான். மெதுவாகச் சொன்னான், "அத்தா, முடியலன்னா துப்பிடுங்க. பரவால்ல. உங்களுக்குப் போக வேணாம்னா சொல்லுங்க. நான் இவங்ககிட்டப் பேசிக்கிறேன்."

வர்ஷா தலையைக் குனிந்துகொண்டாள்.

கனி மெல்வதை நிறுத்தினான். என்னைப் பார்த்தான். துப்புடா, என்று நான் வாய் திறக்காமல் சொன்னேன். தட்டைக்கூட அவன் பக்கம் நகர்த்தினேன். இத்தனை வருஷத்தில் நான் சொல்லாமலேயே அவனுக்குப் புரியாதது ஒன்றும் கிடையாது. அவனுக்குப் புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டான். அவன் தொண்டை ஒருமுறை ஏறி, நின்று, இறங்கியது.

"உப்பு கம்மி" என்றான். குரல் கரகரத்தது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து வர்ஷாவின் கையில் வைத்தான். ஆரிஃபின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து கை கழுவப் போனான்.

நான் அவன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். யாரும் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை. மென்றேன். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. கீழே வேன் வந்துவிட்டது என்று ஆரிஃப் சொன்னான். கனி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "வர்றேன்டா செல்லக்கண்ணு" என்றான். நான் தலையை மட்டும் ஆட்டினேன். என் வாயில் இருந்தது இன்னும் இறங்கவில்லை.